243ஜி ஓர் எண்ணா?

சிங்கப்பூரின் பூன் லே பேருந்துச் சந்திப்பு நிலையத்திலிருந்து 243ஜி, 243டபிள்யூ என்ற இரண்டு பேருந்துகள் ஜூரோங் வெஸ்ட்டைச் சுற்றி வருகின்றன. 179உம் 199உம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகின்றன. இவற்றைப் பேருந்து எண் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 179ஐயும் 199ஐயும் கூட்டினால் வரும் 378க்கும், அவற்றின் சராசரியான 189க்கும் எந்தப் பொருளும் இல்லை. 243ஜியை எண்ணாகக் கணினியில் பதியவே முடியாது; கடைசியில் ஓர் எழுத்து நிற்கிறது. பூன் லே பிளேஸ் சந்தையும் உணவு நிலையமும் இருக்கும் புளோக்குகள் 221ஏ, 221பி. அடுக்குமாடி வீட்டின் முகவரியில் 05-12 என்று இருந்தால் அது ஐந்தாம் மாடியில் 12ஆம் வீடு. அதையே கணக்காக எடுத்துக்கொண்டால் 5 கழித்தல் 12, விடை -7. இவை எல்லாம் இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள். எது எண், எது எண்ணின் உருவில் இருக்கும் பெயர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவர், நிரலாக்கத்தில் 'தரவு வகை' எனப்படும் பாடத்தின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டார்.

வருத்தம் என்னவென்றால், தொடக்கநிலைப் புத்தகங்கள் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்து தொடங்குவதில்லை. இன்ட் என்றால் முழு எண், 4 பைட். கேரக்டர் என்றால் ஓர் எழுத்து, 1 பைட். ஃப்ளோட் என்றால் புள்ளி வைத்த எண், 4 பைட். டபுள் 8 பைட் என்று ஓர் அட்டவணை வருகிறது. மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார், தேர்வில் எழுதுகிறார், மறக்கிறார். சி மொழியில் மாறியை அறிவிப்பது ஒரு சடங்காகவே அவர் மனத்தில் தங்கிவிடுகிறது. உண்மையில் அது ஒரு தீர்மானம். இந்த மதிப்பு எத்தகையது, எவ்வளவு பெரிதாக வளரும், இதைக் கூட்டலாமா, வகுக்கலாமா, குறைக்குறி வருமா என்பதையெல்லாம் எழுதுபவர் முன்கூட்டியே யோசித்துக் கையெழுத்திடும் இடம் அது. அப்படி யோசிக்கும் பழக்கத்துக்காகவாவது, நிரலாக்கம் கற்கத் தொடங்கும் ஒவ்வொருவரும் சில வாரங்கள் சி மொழியின் மாறிகளோடு பழக வேண்டும் என்பது என் கருத்து. பைத்தானின் காலத்தில், செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும் காலத்தில், இதற்கு எதிர்க்குரல்கள் எழும். அவற்றுக்கும் பதில் இருக்கிறது.

முதலில் மாறி என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாறியை ஒரு பெட்டி என்று ஆசிரியர்கள் சொல்வது வழக்கம். உவமை தவறில்லை, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டில் இருக்கும் பெட்டியில் இன்னும் ஒரு சட்டையை அழுத்தித் திணிக்கலாம். சி மொழியின் பெட்டி அப்படி இளகிக்கொடுக்காது. இத்தனை பிட் என்றால் இத்தனை பிட்தான். ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. எட்டு பிட் சேர்ந்தால், அதாவது ஒரு பைட்டில், 256 விதமான நிலைகள், பதினாறு பிட் என்றால் 65,536, முப்பத்திரண்டு பிட் என்றால் ஏறத்தாழ 429 கோடி. அந்த நிலைகளை எப்படிப் பொருள்கொள்வது என்பதைத்தான் வகை சொல்கிறது. பிட்டுகளுக்குத் தம்மளவில் பொருள் கிடையாது. 65 என்ற மதிப்பு ஓர் இடத்தில் வயதாக இருக்கும், இன்னோர் இடத்தில் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தாக இருக்கும். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியபோது, இந்த உண்மையைத் திரை போட்டு மறைக்கவில்லை. இன்ட் எத்தனை பைட் என்பதைக்கூட அந்த மொழி ஒரே அளவாக விதிக்கவில்லை. குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எனவே, இன்ட் என்றால் 4 பைட் என்ற அட்டவணை வரியே எல்லா இடத்துக்கும் பொருந்தும் உண்மை அன்று. நம் மேசைக் கணினியில் அது உண்மை. எல்லாக் கருவிகளிலும் அப்படி இல்லை.

அது எங்கே பொய்யாகிறது என்பதை ஒரு சிறு பலகையில் பார்க்கலாம். மாணவர்கள் திட்டப்பணிக்கு வாங்கும் ஆர்டுயினோ யூனோ ஆர்3 பலகையில் இன்ட் 16 பிட். அதில் ஏறக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. செடிக்கு நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் விடும் கருவியை ஒரு மாணவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பலகை இயங்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லி வினாடி ஆயிற்று என்று சொல்லும் வசதி அதில் உண்டு. அந்த மதிப்பை ஓர் இன்ட் மாறியில் வாங்கி, அது 60,000ஐத் தாண்டியதும் மோட்டாரை ஓட விடு என்று எழுதுகிறார். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பிழை என்று நிறுத்துவதில்லை. நிரல் பலகையில் ஏறிவிடுகிறது. மோட்டார் மட்டும் ஓடவே ஓடாது. 32.767 வினாடி கடந்த மறுகணம் அந்த மாறி -32,768க்குப் போய்விடுகிறது. பிறகு மெல்ல ஏறி மீண்டும் அதே இடத்தில் விழுகிறது. 60,000 என்ற எண்ணை அது ஒருநாளும் காணப்போவதில்லை. அதே தர்க்கத்தை மேசைக் கணினியில் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தர்க்கம் சரி, எழுத்து சரி, வகை மட்டும் தவறு. குறைக்குறி இல்லாத 32 பிட் வகையில், அதாவது அன்சைன்ட் லாங்கில், அந்த நேரத்தை வாங்கியிருந்தால் ஏறத்தாழ 49.7 நாள் வரை தாங்கும். இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்த மாணவருக்கு எந்த அட்டவணையும் தேவைப்படாது. 1996 ஜூன் 4ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகுமுன் சிதறியதும் இதே குடும்பத்துத் தவறால்தான்: 64 பிட் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணுக்குள் அடக்கப் பார்த்தார்கள். அந்த நிரல் எழுதப்பட்டது ஏடா மொழியில். வகைத் தவறு எந்த மொழியிலும் வரும்.

ஜூரோங்கை ஒட்டி வாழ்பவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 1960களில் சதுப்பு நிலத்தைச் சீர்செய்து தொழிற்பேட்டை எழுப்பிய வட்டாரம் இது. தொழிற்சாலைக் கருவிகள், மின்தூக்கிகள், மின்மானிகள் போன்றவற்றுக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லுகளில் இன்றும் சி மொழியே கோலோச்சுகிறது. ஆலைகளில் வேலை பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் பலர் இங்கே தங்குவிடுதிகளில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள தொலைபேசியே இன்னொரு பாடம். சிங்கப்பூர் எண்ணுக்கு 8 இலக்கம். 32 பிட் இன்ட்டின் உச்சம் 2,147,483,647 என்பதால் 8 இலக்க எண் அதில் தாராளமாக அடங்கும். ஊரில் இருக்கும் அம்மாவின் எண்ணோ 10 இலக்கம். 9இல் தொடங்கும் இந்தியக் கைப்பேசி எண் எதுவும் அந்த உச்சத்துக்குள் வராது. சிங்கப்பூர் எண்களை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டுப் புறப்பட்ட நிரல் முதல் இந்திய எண்ணிலேயே தவறான எண்ணைப் பதியும். இதற்கு, பெரிய இன்ட்டைப் பயன்படுத்து என்று அறிவுரை சொல்வது பாதி மருத்துவம். தொலைபேசி எண்ணை யாரும் கூட்டுவதில்லை, வகுப்பதில்லை. அது எழுத்துத் தொடராக இருக்க வேண்டியது. அஞ்சல் குறியீடும் அப்படியே. மரினா பே சாண்ட்ஸின் 018956ஐ எண்ணாக வைத்தால் முன்னால் நிற்கும் 0 காணாமல் போகும். சி நிரலுக்குள் அதை அப்படியே எழுதினாலோ, 0இல் தொடங்குவதை எட்டின் அடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும் கம்பைலர், அந்த அடிமானத்தில் 8க்கும் 9க்கும் இடமில்லை என்று நிரலையே ஏற்க மறுத்துவிடும்.

எழுத்துக்கு வருவோம். இங்கேதான் தமிழர்களாகிய நமக்கு நேரடியான பங்கு இருக்கிறது. கேரக்டர் என்றால் ஓர் எழுத்து என்று புத்தகம் சொல்வது ஆங்கிலத்துக்குப் பொருந்தும். சி மொழியில் கேரக்டர் என்பது ஒரு பைட். அதன் 256 இடங்களில் முதல் 128ஐ ஆங்கில எழுத்துகளும் குறிகளும் எடுத்துக்கொண்டன. மிச்சம் 128. தமிழுக்கோ 247 எழுத்துகள். பொருந்தாத இந்தக் கணக்கால்தான் 1990களில் தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் கொம்பையும் காலையும் விசிறியையும் தனித்தனித் துண்டுகளாக்கி அந்த 128 இடத்துக்குள் நெருக்கி வைத்தார்கள். ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் தம் விருப்பப்படி இடம் ஒதுக்கியதால், ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் திரையில் அலங்கோலமாக விழுந்தது. அந்த அலைக்கழிப்பை முன்னின்று எதிர்கொண்டவர்களில் ஒருவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. இணையம் என்ற சொல்லை நமக்குத் தந்தவராக அறியப்படுபவர். தமிழ் இணைய முயற்சியாளர்கள் கூடிப் பேசிய தமிழ்நெட் 97 மாநாடு 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்ததில் அவர் பங்கு பெரிது. அவர் விரிவுரையாளராக இருந்த தேசியக் கல்விக் கழகம் இன்று அமைந்திருப்பது, பூன் லேயிலிருந்து 179ஆம் பேருந்து போய்ச் சேரும் அதே நன்யாங் வளாகத்தில்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் வரிசை தரும் யூனிகோட் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது. ஆனால் கேரக்டர் இன்னும் ஒரு பைட்தான். பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. உள்ளே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். மொத்தம் 15 பைட். சொல்லின் நீளம் என்ன என்று சி மொழியைக் கேட்டால் 15 என்றே விடை வரும். கோவிந்தசாமி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 11 எழுத்து, 11 பைட். தமிழில் ஆறே எழுத்து. பைட்டோ 33, முடிவைக் குறிக்கும் பூஜ்யத்தையும் சேர்த்தால் 34. பெயருக்கு 20 பைட் போதும் என்று ஒதுக்கிய நிரல் ஆங்கிலப் பெயரை ஏற்கும். தமிழ்ப் பெயரை வெட்டும், அல்லது பக்கத்து நினைவகத்தில் கொட்டிக் கவிழ்க்கும். படிவங்களிலும் செயலிகளிலும் தமிழ்ப் பெயர்கள் அறுந்து தொங்குவதைக் காணும்போது, எங்கோ ஒருவர் எழுத்தையும் பைட்டையும் ஒன்றென்று நினைத்திருக்கலாம் என்ற ஐயம் எழுவது இயல்பு. இதைத் தமிழ் மாணவருக்குத் தமிழ் எழுத்தை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம். இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறெந்த மொழியில் கிடைக்கும்?

வகையை அறிவது தவறுகளைத் தவிர்க்க மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. அழகான தீர்வுகளும் அங்கிருந்தே பிறக்கின்றன. 2015 மே மாதம், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தாம் முன்பு எழுதிய சுடோக்கு நிரலை எல்லாரும் பார்க்க பேஸ்புக்கில் பகிர்ந்துகொண்டார். அது சி++ மொழியில் எழுதப்பட்டது என்றாலும் நடை சி மொழியின் நடை. அதில் ஒவ்வொரு வரிசைக்கும் நெடுக்கைக்கும் கட்டத்துக்கும் ஓர் இன்ட் உண்டு. அந்த இன்ட்டை அவர் எண்ணாகவே பயன்படுத்தவில்லை. ஒன்பது விளக்குகள் கொண்ட பலகையாகப் பயன்படுத்துகிறார். தொடக்கத்தில் 1111111110 என்ற இருநிலை வடிவம், பதின்மத்தில் 1022. ஒன்பது இலக்கமும் இன்னும் மிச்சம் என்று பொருள். வரிசையில் 3ஐயும் 5ஐயும் வைத்துவிட்டால் அவற்றுக்குரிய பிட்டுகள் அணைந்து 982 ஆகும். ஓர் இடத்தில் எந்த இலக்கங்களை வைக்கலாம் என்று அறிய, அதன் வரிசை, நெடுக்கை, கட்டம் மூன்றுக்கும் உரிய இன்ட்டுகளை 'அண்ட்' செய்தால் போதும். மூன்றிலும் எரியும் விளக்குகள் மட்டும் மிஞ்சும். ஒரே வரி. இன்ட் என்பது பிட்டுகளின் வரிசை என்று உணர்ந்தவருக்கே இந்த யோசனை தோன்றும். நாட்டின் தலைவர் ஒருவர் எழுதிய நிரல், அதுவும் ஒரு பிற்பகலில் படித்துவிடக்கூடிய அளவில், பொதுவில் இருக்கிறது. அதை நம் மாணவர்கள் வாசிக்க வேண்டும்.

பணக் கணக்கிலும் இந்தத் தீர்மானம் கடிக்கும். 12 வெள்ளிச் சாப்பாட்டை ஐந்து பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 2 வெள்ளி 40 காசு. சி மொழியில் 12ஐ 5ஆல் வகுத்தால் 2; இரண்டும் முழு எண் என்பதால் விடையும் முழு எண்ணாக வெட்டப்படும். சரி, புள்ளி எண்ணுக்குப் போவோம் என்று டபுளை எடுத்தால் அங்கே வேறு சிக்கல். 0.1 என்பதை இருநிலையில் துல்லியமாக எழுத முடியாது; மூன்றில் ஒரு பங்கைப் பதின்மத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீள்வதைப் போன்றது இது. 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 1 வருவதில்லை, அதற்கு மயிரிழை குறைவாக 0.9999999999999999 வருகிறது. பத்து 10 காசு நாணயங்கள் ஒரு வெள்ளி ஆகவில்லை என்று சொல்லும் நிரலை எந்தக் கடைக்காரர் ஏற்பார்? பணத்தைக் காசாகவே, முழு எண்ணாகவே வைத்திருக்க வேண்டும். 1,200 காசை 5ஆல் வகுத்தால் 240 காசு, சிக்கல் தீர்ந்தது.

இப்போது எதிர்வாதங்கள். பள்ளிகள் ஏற்கெனவே வேறு பாதையில் நடக்கின்றன என்பது முதலாவது. 2014இல் தொடங்கிய 'கோட் ஃபார் ஃபன்' திட்டம் 2020 முதல் தொடக்கப்பள்ளி மேல்வகுப்பு மாணவர் அனைவருக்கும் பொதுவானது. உயர்நிலைப்பள்ளியில் 2017இல் வந்த கணினியியல் பாடம் பைத்தானைப் பயன்படுத்துகிறது. பைத்தானில் வகையை அறிவிக்க வேண்டியதில்லை, முழு எண் எவ்வளவு பெரிதானாலும் அது தாங்கும். பிறகு எதற்குத் தொல்லை? பைத்தானைத் தேர்ந்தெடுத்ததில் நான் குறை காணவில்லை. குழந்தைகளுக்கு அதுவே நல்ல வாசல். ஆனால் பைத்தானில் வகை இல்லாமல் இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. தெரியாத ஒன்றைத் தானாகத் தீர்மானிக்கக் கருவியிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உயிரியலே சாட்சி. எக்செல் விரிதாள், மார்ச்1, செப்ட்1 போன்ற மனித மரபணுப் பெயர்களைத் தேதி என்று எண்ணி மாற்றிக்கொண்டே இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளோடு வெளியான தரவுகளில் பிழை பெருகியது. கடைசியில் 2020இல், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழு அந்தப் பெயர்களையே மாற்றிக்கொண்டதாக அறிவித்தது. மென்பொருளின் ஊகத்துக்கு அறிவியல் வளைந்துகொடுக்க நேர்ந்தது. பைத்தானை விடச் சொல்லவில்லை. அதற்கு அடியில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை காட்டச் சொல்கிறேன். நாம் அன்றாடம் ஓட்டும் பைத்தானே சி மொழியில் எழுதப்பட்டதுதானே.

சி ஆபத்தான மொழி என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை இருக்கிறது. தொடக்க மதிப்புக் கொடுக்காத மாறியில் குப்பை இருக்கும். அதை எடுத்துக் கணக்குப் போட்டாலும் மொழி தடுக்காது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையே, நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறுங்கள் என்று மென்பொருள் துறையைக் கேட்டுக்கொண்டது. புதிய பெரிய அமைப்புகளை எதில் கட்டுவது என்ற கேள்விக்கு அது நல்ல அறிவுரை. ஆனால் சி மொழிக்கு மாற்றாகச் சொல்லப்படும் ரஸ்ட்டைத் திறந்து பாருங்கள். அங்கே முழு எண் வகைகள் பலவற்றின் பெயரிலேயே 8, 16, 32, 64 என்று பிட் அளவு ஒட்டியிருக்கிறது. தொடக்க மதிப்பில்லாத மாறியைப் படிக்க அது விடுவதே இல்லை. பாதுகாப்பான மொழி வகையைப் பற்றி யோசிக்கும் வேலையைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது.

நினைவகம் மலிந்துவிட்டது, நிரலைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது, பைட்டை எண்ணிக்கொண்டிருப்பானேன் என்பது மூன்றாவது. பைட்டை மிச்சம் பிடிப்பதற்காக வகையைக் கற்கவில்லை. மதிப்பின் இயல்பை அறியக் கற்கிறோம். நேரத்தை 1970 தொடக்கத்திலிருந்து வினாடிகளாக 32 பிட் எண்ணில் எண்ணும் பழைய அமைப்புகள் 2038 ஜனவரி 19, சிங்கப்பூர் நேரப்படி காலை 11 மணி 14 நிமிடம் 7 வினாடியோடு இடம் தீர்ந்து நிற்கும். இப்போதைய தொடக்கப்பள்ளி மாணவர்கள் வேலைக்குப் போகும் வயதில் இருக்கும்போது அந்தக் காலை வரும். அத்தகைய நிரல்களைத் தேடித் திருத்த, எந்த மாறி எந்த வகை என்று படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். இயந்திரம் எழுதித் தரும் நிரலுக்கும் இதுவே பொருந்தும். விலையை டபுளில் வைத்து, அஞ்சல் குறியீட்டை இன்ட்டில் வைத்து அது நீட்டும்போது, இது தவறு என்று சொல்லும் கண் மனிதரிடம் இருக்க வேண்டும். எழுதும் உழைப்பு குறைந்திருப்பதால் சரிபார்க்கும் பொறுப்பு ஏறியிருக்கிறது.

எனவே பாடத்திட்டத்தையே மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும், தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும், சமூக மன்றங்களிலும் நிரலாக்க வகுப்பு நடத்துபவர்கள் மூன்று வாரங்களை இதற்கு ஒதுக்கினால் போதும். பைட் அட்டவணையை ஓரமாக வையுங்கள். பூன் லே பேருந்து நிலையத்தின் தகவல் பலகையை ஒரு படமாகக் காட்டி, அதில் தெரியும் ஒவ்வொன்றையும் எந்த வகையில் வைப்பீர்கள், ஏன் என்று கேளுங்கள்: பேருந்து எண், நிறுத்தக் குறியீடு, வந்துசேர இன்னும் எத்தனை நிமிடம், கட்டணம். நிமிடத்தைக் கழிக்கலாம், கட்டணத்தைக் கூட்டலாம், நிறுத்தக் குறியீட்டை இரண்டும் செய்யக் கூடாது என்பதை மாணவர்களே சொல்லட்டும். தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பென்றால், அவரவர் பெயரைத் தமிழில் எழுதி எத்தனை பைட் என்று எண்ணச் சொல்லுங்கள்.